மடுல்சீமையில் எனக்குக் கிடைத்த உத்தரவு

உபதேசியார் வேலைக்கு வேதம் தெரிந்தால் மட்டும் போதாது, அட்டைக்கடி தாங்கும் காலும் வேண்டும். என்னைப் போல் தேயிலைத் தோட்டம் தோட்டமாய் ஏறி இறங்கிய சகோதரர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! ஆனாலும் இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

பெரட்டுக் களத்தில்

ஒரு தோட்டத்துத் துரை, தம் ஆட்களுக்கு வேதம் சொல்ல எனக்கு உத்தரவு தந்தார். வசதியாய்ப் போயிற்று என்று காலைப் பெரட்டுக்கே போய்விட்டேன். வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். எல்லோரும் ஒருசேர நிற்பார்கள் அல்லவா? கங்காணி பக்கத்தில் நிற்க, அன்பைப் பற்றிப் பொழிந்து தள்ளினேன். ஒருவரும் அசையவில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை.

வேலை செய்த நாளுக்குக் கணக்கில் பேர் போடுவது தோட்டத்து வழக்கம். முன்வரிசையில் கூடையோடு நின்ற கருப்பாயி மெல்லக் கேட்டாள்: "ஐயா, இதக் கேட்டதுக்கும் பேரு போடுவாங்களா, இல்ல கொழுந்துக்கு மட்டுந்தானா?"

கம்பளித் தூளி

அந்தக் கருப்பாயியின் புருஷன் சின்னான் காய்ச்சலில் விழுந்தான். மலையெல்லாம் கொழுந்து மண்டிக் கிடந்த சமயம். பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஆள் விடமாட்டேன் என்று துரை சொல்லிவிட்டார்.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். வாய் நிறைய வசனம் வைத்திருந்தேன். அவன் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. கம்பளியைக் கம்பில் தூளியாய்க் கட்டி, அவள் தம்பி ஒரு முனையும் நான் ஒரு முனையுமாய்த் தூக்கிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் பசறை தாண்டுமுன்னே சின்னானின் மூச்சு அடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் முந்திப் புறப்பட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

திரும்பி வந்ததும் துரை தமக்குத் தெரிந்த தமிழில் தீர்த்துவிட்டார்: "உனக்குப் பேச உத்தரவு. ஆள் தூக்க உத்தரவு இல்லே. இனி தோட்டத்துக்கு வராதே."

எல்லைக்கு வெளியே

அதற்குப் பிறகு எனக்குப் பொதுச்சாலைதான் கதி. ஒருநாள் சாலையோரம் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த கருப்பாயி என்னைக் கண்டதும் கீழே இறங்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பெரட்டுல நீங்க பேசினது ஒண்ணும் மண்டையில ஏறலைங்க ஐயா. எங்க வீட்டாளத் தோள்ல சுமந்தீங்களே, அப்படிச் செய்யச் சொன்ன சாமி யாருங்க? இப்பச் சொல்லுங்க, கேக்குறேன்" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து கங்காணி கத்தினான்: "அங்க என்ன புள்ள பேச்சு? நெரைக்கு வா!"

கேட்க ஆளில்லாதபோது எனக்குப் பேச உத்தரவு இருந்தது. கேட்க ஒருத்தி வந்தபோதோ, எனக்கு உள்ளே போக உத்தரவில்லை, அவளுக்கு வெளியே நிற்க உத்தரவில்லை.