எங்கள் ஏரியின் சிவப்புக் கேன்கள்

என் வீட்டுக்காரர் சர்க்கரைக்காகக் காலையில் நடக்கப் போகிறார் என்று ஒரு வருடம் முழுக்க நம்பிய பெண் நான். ஊரையே ஏமாற்றிவிட்டேன் என்று நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்ததும் அதே வருடம்தான்.

கச்சிராயபாளையத்துக்கும் வடக்கனந்தலுக்கும் நடுவில் ஓர் ஏரிப் பூங்காவில் எனக்கு மேற்பார்வை வேலை. வேலை தற்காலிகம், மேடம் என்ற பட்டம் மட்டும் நிரந்தரம். ஏரியைத் தூர்வாரியபோது அள்ளிய மண்ணை நடுவிலேயே குவித்து ஒரு தீவாக்கியிருந்தார்கள். எங்கள் பக்கம் அதைத் திட்டு என்போம். திட்டில் கருவேலமும் நீர்மருதும் நட்டோம். கரையில் நடைபாதை, நான்கு சிமெண்ட் பெஞ்சு, ஓர் ஊஞ்சல். ஊஞ்சலில் குழந்தைகளைவிட அவர்களைக் கூட்டிவரும் அம்மாக்கள்தான் ஜாஸ்தி ஆடுவார்கள்.

இந்தச் சமயத்தில்தான் என்னை மன்னார் வளைகுடாப் பக்கம் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊஞ்சலுக்கு எண்ணெய் விடுகிறவளுக்குக் கடலில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே தீவுகளைச் சுற்றி மிதவை கட்டியிருந்தார்கள், அதற்குள் மீன் பிடிக்கக் கூடாது. அங்கே முட்டையிட்டுப் பெருகும் மீன் வெளியே வரும், வெளியே வருவதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று படகில் ஒருவர் விளக்கினார். கூட வந்தவர்கள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கள் திட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் ஏரியில் மீன் பிடிக்கும் சங்கத்துக்காரர்களைக் கூட்டி இதையே சொன்னேன். கடலைப் பார்த்துவிட்டு வந்த கர்வம் வேறு. சங்கத் தலைவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"இன்னாம்மா, மீனுக்கு வூடு கட்டித் தர்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஒரு வருஷம் விட்டுப் பாருங்க. மீன் இல்லைன்னா இந்த வேலையே எனக்கு வேணாம்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். வாய் என்னுடையதுதான், ஆனால் அன்றைக்கு அது என்னைக் கேட்டுக்கொண்டு பேசவில்லை.

தலைவர் விடவில்லை. "சரி. ஒரு வருசம் திட்டுப் பக்கம் நாங்க வரல. நீ எங்கன்னா மிதவை கட்டிக்க. வருசம் முடிஞ்சதும் நீ கட்டுன எடத்துக்குள்ளதான் வலை உடுவோம். மீனு இல்லன்னா மரத்தை வெட்டிட்டுத் திட்டுல நாங்க வலை வெக்கக் கொட்டா போட்டுக்குவோம்."

பேரூராட்சிச் செயல் அலுவலரும் தலையாட்டிவிட்டார். ஆக, என் வேலை, என் மரங்கள், என் வாய் மூன்றும் மீன் கையில்.

திட்டுக்கு மலையைப் பார்த்த பக்கம் ஆழம், கோரை மண்டியிருக்கும். மீன் குஞ்சு பொரிப்பது அங்கேதான். கடலில் மிதவை பார்த்தேன் அல்லவா, நானும் காலித் தண்ணீர் கேன்களுக்குச் சிவப்புச் சாயம் அடித்து, நைலான் கயிற்றில் கோத்து, அந்தப் பக்கம் கட்டினேன். 'இங்கு மீன் பிடிக்கக் கூடாது. மீறுவோர் ஒரு மாதம் பூங்காவைப் பெருக்க வேண்டும்' என்று கரையில் பலகையும் வைத்தேன். வாசகம் என் சொந்த யோசனை, கையெழுத்தும் என்னுடையதுதான்.

பத்தே நாளில் கேன்களில் தூண்டில் நரம்பு சிக்கிக் கிடந்தது. சங்கத்துக்காரர்கள் சொன்ன சொல் தவறவில்லை. மீதி ஊரெல்லாம் அங்கேதான் இருந்தது. அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்கூட லாரி டியூபில் மிதந்து வந்திருக்கிறான். கூடாது என்று எழுதினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்! நானே பலகை வைத்து வழி காட்டியிருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த யோசனையும் வந்தது. ஓர் உச்சி வெயிலில், ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், தோட்ட வேலை செய்யும் அக்காவை டியூபில் ஏற்றி அனுப்பி, கேன்களை அவிழ்த்துத் திட்டின் மறுபக்கம், ரோட்டுப் பக்கம் கட்டச் சொன்னேன். பலகையையும் பிடுங்கி அந்தப் பக்கக் கரையில் நட்டேன். அங்கே இடுப்பளவுத் தண்ணீர். அடியில் வெறும் சரளை. மீனுக்கு அங்கே தின்னவும் ஒன்றுமில்லை, ஒளியவும் இடமில்லை. அக்கா நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே சிரித்தாள். இரண்டு பேரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

திருட்டுத் தூண்டிலெல்லாம் கேனைத் தேடிச் சரளைக்கு வந்து சேர்ந்தது. மலைப் பக்கம் கோரைக்குள் தண்ணீர் தனியாகக் குமிழியிட்டது. தினமும் சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

வீட்டில் என் வீட்டுக்காரரும் திருந்திவிட்டார். டாக்டர் நடக்கச் சொல்லிப் பல மாதம் அசையாதவர், விடிந்ததும் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார். லுங்கி முட்டிக்கு மேலே நனைந்து வரும். கேட்டால் புல்லில் பனி என்பார். கத்திரி வெயிலிலும் பனி! சர்க்கரை மட்டும் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. நான் மாத்திரையைச் சந்தேகப்பட்டேன்.

வருடம் முடிவதற்கு முந்தின நாள் கேன்களைப் பழைய இடத்துக்கே மாற்றிவிடுவது என் திட்டம். அன்று காலை போய்ப் பார்த்தால் தலைவர் வலையோடும் ஆட்களோடும் நிற்கிறார். பக்கத்தில் செயல் அலுவலர்.

"நாளைக்குன்னா நீ எங்கனா மீனு வாங்கியாந்து உட்டுடுவ. அதான் இன்னிக்கே வந்துட்டோம்" என்றார் தலைவர்.

வலையை எடுத்துக்கொண்டு நான்கு பேர் சிவப்புக் கேன்களை நோக்கி இறங்கினார்கள்.  இப்போது போய் அங்கே இல்லை, அந்தப் பக்கம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தோட்டத்து அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், நில்லுங்கப்பா! அங்க உடாதீங்க! அங்க ஒரு பொடி மீனுகூட கெடையாது. ஒரு வருசமா நான் பாத்துக்கினுதானே கீறேன்!"

கூட்டத்தின் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். தலைவர் நிதானமாகக் கேட்டார். "எதுல பாத்தீங்க?"

வீட்டுக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"தூண்டில்லதான்."

ஏரிக்கரையே சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குக் குரல் திரும்பி வந்தது. கேன் இடம் மாறிய கதையை அங்கேயே கொட்டிவிட்டேன். செயல் அலுவலர் முகம் கறுத்தது.  தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மலைப் பக்கம் உடுங்கடா" என்றார்.

கோரையை ஒட்டி வலை விழுந்தது. இழுக்க நான்கு பேர் போதவில்லை. கெண்டையும் விராலும் கரையில் துள்ளியபோது நான் அழுதேன். தலைவர் குஞ்சுகளைத் தானே பொறுக்கித் தண்ணீரில் விட்டார். "கேனு இருக்கட்டும்மா" என்றார், அவ்வளவுதான். அப்புறம் பலகையைத் திரும்பிப் பார்த்து, என் வீட்டுக்காரர் கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்.

அன்று வீட்டில் கேட்டேன், "ஊரே இருக்கும்போது ஏங்க வாயைத் திறந்தீங்க?"

"நீ நின்ன நெலைய என்னால பாக்க முடியல" என்றார்.

 திருட்டுப் பயலென்று ஊர் சொல்லட்டும் என்று எனக்காக நின்ற மனிதர். அவருக்குத் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தேன்.

அதைத் தின்றுகொண்டே கேட்டார். "மீனு எங்க கீதுன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

சொல்லியிருந்தால் வலையில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் பூங்காவைப் பெருக்கினார். சர்க்கரை இறங்கிவிட்டது. இப்போதும் விடிந்ததும் நடக்கத்தான் போகிறார். தலைவரைக் கேட்டுக்கொண்டு கேன்களை மறுபடியும் இடம் மாற்றியிருக்கிறோம். எந்தப் பக்கம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான்.