இரண்டு கட்டங்களில் ஒருத்தி

இதை என் சித்தி மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, அவளோடு வேலை பார்க்கும் தோழி சோடாபுட்டியையும் தனியாகக் கேட்டேன். தடிமனான கண்ணாடி போடுவதால் அவளுக்கு அந்தப் பெயர். இருவர் சொன்னதிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்கப்புறம் நான் சிரிக்கவில்லை.

சித்தி மகளுக்கு வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் வேலை. மூன்று ராத்திரிகளாக ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலோரம் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். கண் எரிந்தது. கை கால் ஓய்ந்துபோயிருந்தது. ஆனாலும் அன்று மதியம் மீட்டிங். அவள் வீட்டு இணையம் அடிக்கடி அறுந்துவிடும். "இன்னொரு தடவை பாதியில காணாமப் போனா, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

படுக்கையறை மேசையில் லேப்டாப். முதுகுக்குப் பின்னால் கட்டில். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று பத்துக்குத் திரை உறைந்தது. நடுவில் வட்டம் சுற்றியது… சுற்றிக்கொண்டே இருந்தது.

"இப்பப் பாத்தா போகணும்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கூடத்துக்கு ஓடி மோடத்தை அணைத்துப் போட்டாள். சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. திரும்பி வந்து மீட்டிங்குக்குள் நுழைந்தாள்.

அவள் முகம் இரண்டு கட்டங்களில் இருந்தது.

அதில் அதிசயம் இல்லை. லைன் அறுந்து மறுபடி ஒட்டும்போது, பழைய இணைப்பு செத்துப்போனது அந்தப் பக்கம் உடனே தெரியாது. பழைய முகம் உறைந்தபடி கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு தானாக மறையும். அவள் எத்தனையோ முறை பார்த்ததுதான்.

ஆனால் அந்தப் பழைய முகம்… கண் சிமிட்டியது.

உதடு அசைந்தது. அவள் குரலிலேயே பேசியது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன் சார்."

அவள் வாயைத் திறக்கவே இல்லை.

மேனேஜர் சிரித்தார். "என்னம்மா, ரெண்டு பேரா தெரியறே? ஒண்ணைத் தூக்கிடறேன்."

"சார், நான்தான்…"

டொக்.

'நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.'

மறுபடி முயன்றாள். உள்ளே விடவில்லை. சோடாபுட்டிக்குச் செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "விளையாடாதே. நீதான் பேசிட்டிருக்கே."

பயப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. லேப்டாப்பை மூடினாள். கட்டிலில் விழுந்தாள்.

போன் மணி…

விழித்தாள். ஒரே இருட்டு. மூச்சு முட்டியது. முகத்தின் மேல் போர்வை. உதறி எறிந்தாள். வெளியே இன்னும் வெயில்.

போனில் சோடாபுட்டி. "கலக்கிட்டே போ! மேனேஜருக்கு ஏக சந்தோஷம்."

"நான் அதுல இல்லடி. என்னைத்தான் வெளியே தள்ளிட்டாரே."

"வாடி வதங்கி ஒரு கட்டம் இருந்துச்சே, அதைத்தானே எடுத்தாரு? தெளிவா இருந்ததை விட்டுட்டாரு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆமா, ஒண்ணு கேக்கணும். மீட்டிங் முடிஞ்சதும் நீ கேமராவை அணைக்காமலே எழுந்து போனே…"

"ம்."

"பின்னால கட்டில்ல ஒருத்தங்க தூங்கிட்டிருந்தாங்க. போர்வை போத்தினே. சரி. முகத்தையும் சேத்து ஏன் மூடினே? யாருடி அது?"