வெள்ளணுக்களுக்கு ரசம் வைத்த கதை

ஆடு மாடு வளர்ப்பவர்களுக்குப் பாலாவது மிஞ்சும்; மனிதரின் வெள்ளணுக்களைக் குடுவையில் வளர்ப்பவர்களுக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும். எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்த வேலை அது. நுண்ணோக்கியில் குனிந்தே பிழைப்பு நடத்தும் லேப் டெக்னீஷியன் சகோதர சகோதரிகளே, உங்களுக்காவது என் பாடு புரியும்.

இலை போட்டும் சாப்பிடாதவை

என் மேலதிகாரி டாக்டர் லிம், கண்டிப்பான அம்மாள். மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் இறந்துபோன ஒருவரின் இரத்தத்திலிருந்து, புற்றணுவை அடையாளம் கண்டு கொல்லக்கூடிய வெள்ளணுக்களைப் பிரித்து வைத்திருந்தார். கொடுத்தவர் போய்விட்டதால் இவை செத்தால் வேறு கிடைக்காது. அவற்றை உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு.

சர்க்கரை, உப்பு, வைட்டமின் எல்லாம் கலந்த நல்ல ஊட்டநீரில்தான் விடுவோம். ஆனாலும் சில நாளில் செத்துவிடும். மற்ற வெள்ளணுக்கள் விடுகிற ஒரு புரதம் வந்து தொட்டு, 'வளரு' என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட புரதங்கள்தான் ஓர் இளம் வெள்ளணு என்னவாக ஆக வேண்டும், எப்போது சண்டைக்குப் போக வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்றெல்லாம் சொல்கின்றன. சொல்ல ஆளில்லாவிட்டால் சோற்றுக்கு நடுவிலேயே பட்டினி கிடந்ததுபோல் சாகும். எங்கள் வேன் டிரைவர் காதர் பாயிடம் இதை விளக்கியபோது அவர் அசரவில்லை.

"அப்ப இது பொண்ணு வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைலா, தங்கச்சி. இலை போட்டா மட்டும் பத்தாது, சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

நாலு பேர் ரசம்

அந்தப் புரதத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் நாங்களே தயாரித்தோம். டாக்டர் லிம், நான், துப்புரவு வேலை பார்த்த பாத்திமா அக்கா, காதர் பாய் எல்லோரும் இரத்தம் கொடுப்போம். வெள்ளணுக்களை மட்டும் பிரித்து ஒன்றாக விட்டு, அணுக்களை உசுப்பிவிட, சிவப்பு பீன்ஸிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்த்து, உடல் சூட்டில் வைப்போம். முன்பின் தெரியாதவர்களைப் பார்த்த எரிச்சலில் அணுக்கள் புரதத்தை அள்ளி விடும். வடிகட்டினால் தெளிவாக நிற்கும். நான் அதை ரசம் என்பேன். நாளடைவில் டாக்டர் லிம்மும் ரசம் என்றே கேட்க ஆரம்பித்தார்.

இரத்தத்தின் மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் பிளாஸ்மாவும் அதில் கொஞ்சம் சேர வேண்டும். அது எப்போதும் காதர் பாயுடையதுதான். கொடுப்பதில் அவ்வளவு தாராளம். ஒருநாள் ரசம் வழக்கத்தைவிடக் காரசாரமாக அமைந்தது. டாக்டர் லிம் ஆங்கிலத்தில், முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்:

"என் அணுக்கள் அமைதியானவை. சண்டையை ஆரம்பிப்பது உங்கள் மூவருடையதுதான்."

மாமனார் களை

காதர் பாய்க்கு முழங்கால் வலி உண்டு. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடிப்பார். திடீரென்று ஒரு மாதம் வலி மாயமாய்ப் போய்விட்டது. முகமும் உருண்டு திரண்டு பளபளவென்று ஆனது. மூத்த மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த சமயம். சிராங்கூன் சாலையில் பார்த்தவர்கள் எல்லாம் மாமனார் களை வந்துவிட்டது என்று கேலி செய்தார்களாம். எனக்கும் அது சந்தோஷமாகவே இருந்தது. பத்து வயது குறைந்துவிட்டது பாய் என்றேன். அவர் வேன் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"மனசு நெறஞ்சா மூஞ்சியும் நெறயும்லா."

வெள்ளிக்கிழமை வரை

அதற்கப்புறம்தான் எனக்குக் கெட்ட காலம். வைக்கிற ரசம் எதிலும் சாரமில்லை. குடுவையில் அணுக்கள் சுருங்கி உதிரத் தொடங்கின. பீன்ஸ் சரக்கை மாற்றினேன். கண்ணாடிச் சாமானை எல்லாம் மறுபடி கழுவினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு மார்சிலிங்கிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

செத்தவற்றுக்குச் சோறு ஊட்டாதே, குடுவையைக் காலி செய் என்றார் டாக்டர் லிம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இன்னும் சில அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, நான் கொட்ட மாட்டேன், யாருடைய இரத்தத்தில் கோளாறு என்று தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. வெள்ளிக்கிழமை வரை பார். அதற்குமேல் குடுவை காலிதான்."

எல்லோரையும் அடக்கிய பிளாஸ்மா

ஒவ்வொருவருடைய அணுக்களையும் இரண்டு பங்காக்கினேன். ஒரு பங்கை என் பிளாஸ்மாவிலும் மறு பங்கைக் காதர் பாயின் பிளாஸ்மாவிலும் விட்டேன். என்னுடையதில் விட்டவை புரதத்தைத் தாராளமாக விட்டன. பாயுடையதில் விட்டவை கப்சிப். சண்டைக்காரர்கள் என்று பெயர் வாங்கிய என் அணுக்கள்கூட வாயைத் திறக்கவில்லை. அவர் இரத்தத்தில் ஏதோ ஒன்று எல்லோரையும் அடக்குகிறது என்பது தெளிவாகிவிட்டது. டாக்டர் லிம் முடிவைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?"

வேனில் உட்கார்ந்தேன்

மாத்திரையே இல்லை, மூலிகை என்றார் பாய். கேலாங் பக்கம் நடைபாதையில் யாரோ விற்ற கறுப்பு உருண்டை. அதில் ஸ்டீராய்டை அரைத்துக் கலந்திருப்பார்கள் என்றார் டாக்டர் லிம். வெள்ளணுக்களின் பேச்சை அது அடக்கிவிடும். வலி போகும், முகம் உப்பும், ஆனால் கிருமி வந்தால் எதிர்க்க ஆளிருக்காது. சட்டென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து. உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

பாய் மறுத்தார். நிக்காஹ் அன்று வாசலில் நின்று சம்பந்தியை வரவேற்க வேண்டும், முட்டி மடங்கினால் மானம் போய்விடும், அதெல்லாம் முடிந்து பார்க்கலாம் என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பத்து வயது குறைந்துவிட்டது என்று நானே பாராட்டிய முகம் அது. வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். கிளினிக் வாசலில்தான் இறங்குவேன் என்றேன். அவர் வெளியே நின்று ஒரு சிகரெட் பிடித்தார், பிறகு இன்னொன்று. நான் ஜெபமாலையை எடுத்து உருட்ட ஆரம்பித்தேன். அப்புறம்தான் சாவியோடு வந்தார்.

"கதவச் சாத்துங்க, போறேன். முழு ஜெபமும் என் வண்டியிலயேவா சொல்லி முடிப்பீங்க?"

நாற்காலி

டாக்டர் லிம் நினைத்தது சரிதான். கிளினிக்கில் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பாய்க்கு வலி திரும்பியது, முகம் வற்றியது. அவர் பிளாஸ்மா இல்லாமல் வைத்த ரசத்தை அந்த வெள்ளிக்கிழமைக்குள் குடுவையில் ஊற்றிவிட்டேன். மிச்சமிருந்த அணுக்கள் மெல்லத் தேறி, கொத்துக் கொத்தாகப் பெருகின. டாக்டர் லிம் குடுவையை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அடுத்த ரசம் எப்போது என்று கேட்டார்.

நிக்காஹ் அன்று பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே எல்லோரையும் வரவேற்றார். சம்பந்தி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மானம் ஒன்றும் போகவில்லை. நான் பிரியாணித் தட்டின் முன் உட்கார்ந்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு பந்திப் பக்கம் வந்துவிட்டார். நான் சோற்றில் கை வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடுங்க தங்கச்சி, சாப்பிடுங்க. ஒருத்தர் சொல்லிக்கிட்டே இருக்கணும்ல?"

வெள்ளணுவை வழிக்குக் கொண்டுவரும் புரதங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பெயர் வைத்த கெட்டிக்காரர்கள், வேன் டிரைவரை வழிக்குக் கொண்டுவரும் புரதத்தை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.