நடந்து வந்த வாஷிங் மெஷின்

பிரசவ விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தபோது பழைய வாஷிங் மெஷின் நின்றுபோனது. அவசர அவசரமாகப் புதிதாக ஒன்று வாங்கினோம். அப்போது சந்தாநகரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குப் பட்டான்செருவில் தொழிற்சாலை வேலை, எனக்குக் கச்சிபௌலியில் ஆபீஸ். ஐந்து மாதக் குழந்தையின் துணிகளை நானே கையால் அலசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. அதற்குள் வீட்டில் எல்லாம் ஓட வேண்டும் என்ற நினைப்பு என்னை உட்காரவே விடவில்லை.

மெஷினை இறக்கிவிட்டுப் போனவர்கள், பொருத்துவதற்கு வேறு ஆள் வருவார் என்றார்கள். அன்று முழுக்க யாரும் வரவில்லை. ஆள் கிளம்பிவிட்டார் என்று ஒரு மெசேஜ் வரும், நாளைக்கு மாற்றப்பட்டது என்று இன்னொன்று வரும். குளிக்கப் போகும்போதும் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டேன். குழந்தை தூங்கும்போது அழைப்புமணி அடித்து எழுப்பிவிடுவார்களோ என்று வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

கடைசியில் பொருத்த வந்தவர், பேசிக்கொண்டிருந்த போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டே, சமையலறையை ஒட்டிய பால்கனியில் தண்ணீர்க் குழாயை மாட்டினார், பிளக்கைச் செருகினார். மெஷினுக்குள் தண்ணீர் இறங்கியதைக் காட்டிவிட்டு உடனே அணைத்தார். துணி போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னேன். இன்னொரு வீட்டில் காத்திருக்கிறார்கள் என்றார். வேலை முடிந்தது என்று உறுதிசெய்ய என் போனுக்கு வந்த எண்ணை வாங்கிப் பதிந்துகொண்டு, ஐந்து ஸ்டார் போடச் சொல்லிவிட்டு லிப்டுக்கு ஓடினார். நானும் போட்டேன்.

மறுநாள் குழந்தையின் துணிகளைப் போட்டு ஓட்டினேன். துவைக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. பிழியத் தொடங்கியதும் லாரியிலிருந்து கற்களைக் கொட்டுவது போல ஒரு சத்தம். மெஷின் உடம்பை உலுக்கிக்கொண்டு துள்ளியது. தூங்கிய குழந்தை வீறிட்டு அழுதது. அணைத்துவிட்டு, பொருத்திப் போனவருக்குப் போன் செய்தேன். புது மெஷின் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று இந்தியில் சொன்னார். நான் விடாமல் கூப்பிட்டதால் அன்று சாயங்காலமே வந்தார். ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு, தரையில்தான் கோளாறு என்றார். வேலையிலிருந்து திரும்பிய கணவர், ஒருவேளை அப்படியும் இருக்கலாம் என்றார். எனக்கு அவர்மேலும் எரிச்சல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனி வாசலிலேயே நின்றேன். பிழியும் நேரம் வந்ததும் மெஷின் சுவரை விட்டு நகர்ந்தது. அங்குலம் அங்குலமாக என்னை நோக்கி நடந்தே வந்தது. பிளக்கைப் பிடுங்குவதா, குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வருவதா என்று தடுமாறிய நொடியில் பின்னாலிருந்த தண்ணீர்க் குழாய் பிய்த்துக்கொண்டது. பால்கனி முழுக்கத் தண்ணீர். ஒற்றைக் கையால் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடுவதற்குள் நாங்கள் இருவரும் நனைந்துவிட்டோம்.

அப்போதுதான் கீழ்வீட்டுப் பெண் மேலே வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ் வேலை, அந்த வாரம் இரவு டியூட்டி. அவிழ்ந்த கூந்தலோடு, கண்கள் சிவந்து நின்றாள். அவள் காயப்போட்டிருந்த யூனிபார்ம்மேல் எங்கள் அழுக்குத் தண்ணீர் ஒழுகியிருந்தது.

"நித்ர லேதக்கா," என்றாள். தூக்கமே இல்லையாம். இரண்டு நாளாகத் தலைக்கு மேலே இந்தச் சத்தம்தான் என்று தெலுங்கில் கடுகடுத்தாள்.

குழந்தையின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டுக் கைகளை நீட்டி, குழந்தையை வாங்கி, தன் துப்பட்டாவால் துடைக்கத் தொடங்கினாள்.

பின்னால் தேங்கிய தண்ணீரைத் தள்ளுவதற்காக மெஷினை இழுத்துத் திருப்பினேன். முதுகில் நான்கு பெரிய போல்ட்டுகள். மெஷினோடு வந்த புத்தகத்தை, கிழித்த அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து தேடி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே படம் இருந்தது. லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்க மாட்டும் போல்ட்டுகளாம். ஓட்டுவதற்கு முன் கண்டிப்பாகக் கழற்ற வேண்டுமாம். பொருத்தியவர் அவற்றைக் கழற்றவேயில்லை. இரண்டு தடவையும், கட்டிப்போட்ட டிரம்மைத்தான் அத்தனை வேகத்தில் சுழல விட்டிருக்கிறேன்.

கணவருக்குப் போன் செய்தேன்.

"நீ கை வைக்காத. வாரண்டி போயிரும். அவனையே வரச் சொல்லு," என்றார்.

"அதெல்லாம் நக்கோ, வேணாம். அவன் வர்ற வரைக்கும் என்னால இதைப் பார்த்துட்டு உக்காந்திருக்க முடியாது."

கீழ்வீட்டுப் பெண், தன் ஸ்கூட்டரில் ஸ்பேனர் இருக்கிறது என்று சாவியைக் கொடுத்தாள். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கி ஓடினேன். முதல் போல்ட் அசையவே இல்லை, உள்ளங்கை கன்றிப்போனது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. தண்ணீர்க் குழாயைத் திரும்ப மாட்டி, மெஷினை ஓட்டினேன். டிரம் சுழன்றது. மெஷின் நின்ற இடத்திலேயே நின்றது. உள்ளே மட்டும் லேசாக டொக் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

நான் கூப்பிட்டதால், முதலில் பொருத்தியவர் சாயங்காலம் வந்தார். சமையல் மேடையில் வைத்திருந்த போல்ட்டுகளைப் பார்த்தார். அவற்றை டெலிவரிக்காரர்கள்தான் கழற்றியிருக்க வேண்டும் என்றார். கத்த வேண்டும் என்று காலையிலிருந்து எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அவர் அதற்குள் அடுத்துப் போக வேண்டிய வீட்டின் விலாசத்தைப் போனில் தேடிக்கொண்டிருந்தார். அந்த டொக் டொக் சத்தத்தைக் கேளுங்கள் என்றேன். கேட்காமலேயே, அது சாதாரணம் என்றார்.

சாதாரணமாக இல்லை. திங்கட்கிழமை முதல் ஆபீஸில் உட்கார்ந்தபடியே கம்பெனிக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு குரல், முதலிலிருந்து கதை. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்றே அவர்களுடைய கணினி சொன்னது. நானே கழற்றியதால் வாரண்டி கிடையாது என்று ஒருவர் பயமுறுத்தினார். புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் வேறொரு ஆளை அனுப்பினார்கள். அவர் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்து, அது அடிபட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனி வேறு மெஷின் தருவதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது.

புது மெஷின் வந்த அன்று லீவு போட்டேன். பொருத்த வந்தவர் பெட்டியைப் பிரித்தபோதே, புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். நான் கேட்காமலேயே அவர் நான்கு போல்ட்டுகளையும் கழற்றித் தந்தார். அதன் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. துணி போட்டு, பிழிந்து முடிக்கும்வரை அவரைப் போக விடவில்லை. பாவம், தண்ணீர்கூடக் கேட்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார்.