பருத்திமார்ச் சாம்பல்

என் அண்ணன் பஞ்சாங்கம் பார்த்து என் சூளையைப் பிரிச்சான். அந்தக் கோவம் இன்னும் போகலை.

நான் வெளியூர்ல ஒரு ஜாடிக் கம்பெனியில சூளைக்கு விறகு போட்டவன். மேனேஜர் மேசையில ஒரு ஒடஞ்ச கிண்ணம் இருந்துச்சு. பிஞ்சுப் பருத்திக்காய்ப் பச்சை. பல நூறு வருசத்துக்கு முந்தி சீனாக்காரன் செஞ்சதாம். சாம்பலும் கல்லுப்பொடியும் களிமண்ணும் கரைச்சு மேல பூசுறது, அவ்வளவுதான்னு மேனேஜர் சொன்னாக. எங்க ஊர்ல சாம்பலுக்கா பஞ்சம்?

வேலையை விட்டுட்டு வந்து, பந்தல்குடிக்குப் பக்கம் எங்க பருத்திக் காட்டுல சூளை கட்டினேன். சீனாக்காரன் சண்டைக்கு வந்துபோன சமயம். டீக்கடையில, "ஏலே, அவன் மறுபடி வந்தா ஒன் வீட்லதான் சாப்பாடு. சட்டியெல்லாம் ரெடி"ன்னாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன்.

வேலிக்கருவைச் சாம்பல் பழுப்பா வந்துச்சு. பருத்திமார்ச் சாம்பல்தான் பச்சை காட்டுச்சு. பருத்தி எடுத்து முடிஞ்சு பிடுங்கிப் போடுற காஞ்ச செடிதான் மாரு, வருசத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். அந்த வருசத்து மாரு முழுக்க எரிச்சு, சலிச்சு, நாப்பது கிண்ணத்துக்குப் பூசினேன். ரெண்டு ராப்பகல் சூளை எரிச்சேன். புகை உள்ளயே நிக்கணும்னு வாயைச் செங்கலும் சேறும் வச்சு அடைச்சேன். மூணு நாளைக்குத் தொடாதன்னு அண்ணங்கிட்டச் சொல்லிட்டு வேப்பமரத்தடியில விழுந்தேன்.

டிங் டிங்குன்னு சத்தம். முழிச்சேன். மறுநாள் மத்தியானம். அண்ணன் கடப்பாரையோட நின்னான். பாதி வாயைப் பிரிச்சுட்டான். வெளிக்காத்து பட்டு உள்ள கிண்ணம் ஒவ்வொண்ணா வெடிக்குது.

"மூணு மணிக்கு ராகுகாலம். நாளைக்கு அஷ்டமி, அதுக்கு மறுநாள் நவமி. எப்படா தொறப்ப?"

"சூளைக்கு ஏதுண்ணே அஷ்டமி?"

"இந்த வாய வச்சுத்தான் நீ உருப்படல."

ஆறினப்பறம் பார்த்தா, மூலையில ஒரு கிண்ணம் மட்டும் முழுசு. நான் நினைச்ச அதே பச்சை. அண்ணன் கையில எடுத்து, "நல்ல நேரத்துல பிரிச்சதாலதான் இதாச்சும் பொழச்சுது"ன்னான். கொண்டுபோய் சாமி மாடத்துல திருநீறு போட்டு வச்சுக்கிட்டான். நான் கேக்கலை. கேட்டா எனக்குக் கை நீண்டுரும்.

அடுத்த ரெண்டு வருசம் மழையில்லை, பருத்தியில்லை. மூணாம் வருசம் மாரு கெடச்சுது. எரிச்சேன், அடைச்சேன். சூளை வாய்க்குக் குறுக்க கட்டிலைப் போட்டுப் படுத்தேன்.

அண்ணன் பஞ்சாங்கத்தோட வந்தான். "ஏலே, எந்திரி. நேரம் போகுது."

எந்திரிக்கலை.

மூணு நாள் கழிச்சு நானே பிரிச்சேன், ராகுகாலத்துல. முப்பத்தாறு கிண்ணம் முழுசு. அத்தனையும் பச்சை. அண்ணனுக்கு ஒண்ணு குடுங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா.

குடுக்கலை.