விழுந்தோர் எண்ணிக்கை

பெரிய சிஸ்டருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். முட்டி இரண்டும் போய்விட்டன, பொறுமை மட்டும் பாக்கி. மதியச் சாப்பாடு நின்றபடியேதான். "வீடுன்னு ஒண்ணு இருக்கிறது ஞாபகம் இருக்கா?" என்று வீட்டுக்காரர் போன் செய்தால், "அட்ரஸ் அனுப்புங்க" என்பார். முதியோர் இல்லம் ஒன்றின் தலைமை நர்ஸ் அவர்; அவர் எழுதித் தரும் படிவங்களை டைப் அடிப்பது என் வேலை.

முன்பெல்லாம் டாக்டர் ஒரு நாள் வருவார், மருந்தாளர் ஒரு நாள், நடக்கப் பயிற்சி தரும் பிசியோ வந்தால் வந்தார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. போன வருடம் புதுத் திட்டம் வந்தது. செவ்வாய்தோறும் மூவரும் சேர்ந்து வந்து, சிஸ்டரோடு உட்கார்ந்து ஒவ்வொருவரைப் பற்றியும் பேசினார்கள். தூக்க மாத்திரைகள் குறைந்தன. மூன்று வருடமாக நாற்காலியே கதியென்று கிடந்த ஒரு பழைய தபால்காரர் எழுந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போய், "இன்னிக்குத் தபால் இல்லீங்க" என்பார். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

நடக்கிறவர் விழவும் செய்வார். இரண்டு மாதத்தில் மூன்று தடவை விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

திட்டத்தைத் தொடரலாமா என்று மதிப்பிட ஓர் அம்மா வந்தார். அவருடைய படிவத்தில் விழுந்தவர்களுக்குக் கட்டம் இருந்தது, நடந்தவர்களுக்கு இல்லை.

"விழறது கூடியிருக்கே, சிஸ்டர்?"

"முன்னாடி நடக்கவே இல்லையேம்மா. அப்புறம் எப்படி விழுவார்?"

"எனக்குப் புரியுது. மேல இருக்கறவங்க நம்பரைத்தான் பாப்பாங்க. இப்படியே போனா செவ்வாய்க்கிழமை டீம் நின்னுடும்."

அந்த அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கட்டங்களைப் போட்ட ஆள் கிடைத்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன்.

இத்தனையும் தபால்காரருக்கு நாலடி தள்ளித்தான் பேசினோம். வயதானவருக்குக் காது கேட்காது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மறுநாள் அவர் எழவில்லை.

"கால் வலிக்குதாப்பா?" என்று கேட்டார் சிஸ்டர்.

"இல்லம்மா. நான் விழுந்தா டாக்டருங்க வரமாட்டாங்களாமே. மத்தவங்களுக்கும் அவங்க வேணுமில்ல? நான் உக்காந்துக்கறேன்."

சிஸ்டர் கெஞ்சினார், திட்டினார், பிசியோவை விட்டுச் சொல்லவைத்தார். மனிதர் அசையவில்லை. அடுத்த மூன்று மாதமும் விழுந்தோர் கட்டத்தில் பூஜ்யம் என்று நானே டைப் அடித்தேன்.

திட்டம் நீட்டிக்கப்பட்டது. கடிதம் வந்ததும் சிஸ்டர் அதைக் கையில் பிடித்தபடியே, முட்டிவலியை மறந்து, அவரிடம் ஓடினார்.

"இன்னும் ரெண்டு வருஷம் வருவாங்கப்பா. எழுந்திருங்க, நடக்கலாம்."

அவர் முகம் மலர்ந்தது. வாக்கரை இறுகப் பிடித்து எழ முயன்றார். மறுபடியும் முயன்றார். மூன்று மாதம் உட்கார்ந்தே கிடந்த இடுப்பு கிளம்பவில்லை.

"நாளைக்குப் பாக்கலாம்மா," என்று சிஸ்டரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.