வீட்டு எண் மட்டும்

எங்கள் சனத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஆணிலும் சரி, பெண்ணிலும் சரி. எருத்தேன்பதியில் கடலைக்காட்டுக் கூலிகளின் மகள், மிஷன் பள்ளிக்காரர்கள் தயவில் சென்னைவரை போனேன். கல்லூரி விடுதியில் எனக்கு மட்டும் தட்டைத் தனியாக வைத்திருந்தார்கள். அந்தத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே, ஒரு நாட்டின் செல்வம் எப்படிப் பங்காகிறது என்று படித்து முதல் வகுப்பில் தேறினேன்.

மேல்பட்டத்துக்கு ஓர் ஆய்வு எழுதவேண்டும். ஏழைக் குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன என்று எழுதுகிறேன் என்றேன். "உங்க ஆளுங்களைப் பத்தியே எழுதேம்மா. வேற யார் எழுதப்போறா?" என்றார் பேராசிரியர். சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் சின்னம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா செத்துவிட்டார், இரண்டு பெண் குழந்தைகள். தோட்டத்துத் துரையிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு மலையேறினேன்.

அந்தத் தோட்டத்தில் வாராவாரம் அரிசி அளப்பார்கள். குழந்தைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று இலவசம். நான் ஒரு தராசோடு, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தேன். வெளியாளிடம் வாய் திறக்காத பெண்கள், இன்னாருடைய அக்காள் மகள் என்று என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். பல வீடுகளில் நான்கு குழந்தைகளுக்கு அரிசி வந்தது, இரண்டுதான் சாப்பிட்டன. சின்னம்மா வீட்டிலேயே மூத்தவளைக் காணோம்.

"போன மழையில காச்சல்ல போயிட்டா கண்ணு," என்றாள் சின்னம்மா. "கங்காணிக்குச் சொல்லலை. பேரை வெட்டிப்போட்டா அரிசி நின்னு போயிரும்."

லயத்தில் குழந்தை செத்தால் ஒப்பாரி கிடையாது. சத்தம் கேட்டால் கங்காணி வந்துவிடுவான். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடைக்கரையில் புதைத்துவிட்டு, பெண்கள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள்.

"செத்தும் தங்கச்சிக்குச் சோறு போடறா எம்புள்ள," என்றாள்.

எல்லாவற்றையும் எழுதினேன். எந்த வீட்டுக்கு எத்தனை பேருக்கு அரிசி, அங்கே எத்தனை உயிர் என்று அட்டவணை போட்டேன். யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பெயர்களை விட்டுவிட்டு வீட்டு எண் மட்டும் போட்டேன். படித்த மூளை! லயத்தில் ஆளுக்குப் பெயர் இருக்கிறதோ இல்லையோ, கதவுக்கு எண் உண்டு. அரிசிப் புத்தகமே அந்த எண்படிதான். அனுமதி தந்த மரியாதைக்கு ஒரு பிரதியைத் துரைக்கு நானே தபாலில் அனுப்பினேன். இத்தனை குழந்தைகள் சாவதைப் பார்த்தால் ஒரு டாக்டரை வைப்பார்கள் என்று மனதார நம்பினேன்.

டாக்டர் வரவில்லை. கங்காணிதான் என் அட்டவணையோடு கதவு கதவாக வந்தான். செத்தவர்களின் பெயர்களை வெட்டினார்கள். அதுவரை கூடுதலாக வாங்கியதற்காக, உயிரோடு இருந்த குழந்தைகளின் அரிசியையும் பல மாதம் நிறுத்தினார்கள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். என் ஏடு சுத்தமாகத்தான் இருந்தது, வீடுகள்தான் கெட்டன.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. என் சாதியைப் படித்த பிறகு எந்தக் கல்லூரியும் விண்ணப்பத்தின் மீதியைப் படிக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து ஒரே ஓர் இடத்திலிருந்து கடிதம் வந்தது. அனுப்பியவர் அதே துரை. என் கணக்கின் துல்லியம் அவருக்குப் பிடித்துவிட்டதாம்; தோட்டக் குடும்பங்களைக் கணக்கெடுக்கும் உத்தியோகம் தருகிறாராம்.

சின்னம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். இளையவள் எலும்பும் தோலுமாக அவள் இடுப்பில் இருந்தாள். சின்னம்மா திட்டவில்லை. துரையின் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வேலைக்கு நீயே வந்துரு கண்ணு. வேற எவனாச்சும் வந்தான்னா சரியா எண்ணிப்போடுவான்."

"பொய்க்கணக்கு எழுதறதுக்கா சின்னம்மா இத்தனை படிச்சேன்?" என்று கேட்டேன். இன்றைக்கும் அந்த வாயை அறையத் தோன்றுகிறது. அவள் கஞ்சியை ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

சித்தூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கப் போனேன். தோட்டத்து வேலைக்கு வேறொருவர் வந்தார். நேர்மையானவர், நல்ல உழைப்பாளி என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த மழையில் சின்னம்மாவின் அந்த ஒரு பெண்ணும் போனபோது, அன்று சாயங்காலமே வந்து பெயரை வெட்டிவிட்டுப் போனாராம்.